கேட்டா பதில் சொல்லணும்னு நீதானே சொன்னே?

போன மாதம் எங்கள் வீட்டில் 6,800 ரூபாய் போனது. போன விதத்தைச் சொன்னால்தான் இந்த வாரக் கதை புரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் குளித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் சார்ஜில் கிடந்த என் போன் அடிக்க, மகன் எடுத்திருக்கிறான். "ஈ.பி.யில இருந்து பேசறோம் சார். உங்க பில் கட்டலை. இன்னிக்கு ராத்திரி ஒன்பதரைக்கு கரன்ட் கட் ஆயிடும்" என்று ஒரு குரல். எங்கள் வீட்டில் ஈ.பி. பில் கட்டுவது அவன் பொறுப்பு. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுத்துவிட்டுப் போனால், மறுநாள் காலைக்குள் கட்டிவிடுவான். அதனால் "கட்டியாச்சு" என்று சொல்லி, ரசீது எண்ணையும் ஒப்பித்திருக்கிறான். "அது இன்னும் அப்டேட் ஆகலை சார். சரிபார்க்கணும், கார்டு நம்பர் சொல்லுங்க" என்றிருக்கிறார்கள். என் கார்டில் இருக்கும் 16 இலக்கமும் பின்னால் இருக்கும் மூன்று இலக்கமும் அவனுக்கு மனப்பாடம். நம் வீட்டுக் குழந்தைகள் சினிமாப் பாட்டை மனப்பாடம் செய்வது மாதிரி அவன் எண்களைச் செய்வான். சொல்லிவிட்டான். ஓ.டி.பி. வந்தது. அதையும் சொல்லிவிட்டான்.

நான் ஈரத்தலையோடு வெளியே வந்தபோது போனை மறுபடி சார்ஜில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். "ஈ.பி.யில இருந்து பேசினாங்கம்மா, சரி பண்ணிட்டாங்க" என்றான். மெசேஜைப் பார்த்தேன்.

உடனே 1930-க்கு அடித்தேன். சைபர் மோசடிக்கான அந்த எண்ணை நீங்களும் போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் போன முதல் சில நிமிடங்களில் சொன்னால்தான் வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம். புகார் பதிவானது, கார்டை முடக்கினோம். பணம் இன்னும் வரவில்லை.

அதெல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டேன், "ஏண்டா சொன்னே?"

"அவர் கேட்டார்மா. மரியாதையாக் கேட்டார். கேட்டா பதில் சொல்லணும்னு நீதானே சொன்னே?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் அது உண்மை. பத்து வருஷமாகச் சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பகுதியில் மாமியாரைப் பற்றி எழுதியிருக்கிறேன், ஃப்ரிட்ஜில் செத்துப்போன கொத்தமல்லியைப் பற்றி எழுதியிருக்கிறேன், ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப் அம்மாக்களைப் பற்றி எழுதி அடியும் வாங்கியிருக்கிறேன். மகனைப் பற்றி எழுதியதில்லை. அவனுக்கு வரும் ஆகஸ்டில் 18 முடிகிறது. இப்போது எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றான். அந்த நிபந்தனையோடுதான் இது வருகிறது.

ஆறு வயதில் டாக்டர் எழுதிக்கொடுத்த பெயர் ஆஸ்பெர்ஜர் சிண்ட்ரோம். பேச்சு தாமதமாகவில்லை, இன்னும் சொன்னால், நாலு வயதிலேயே பெரியவர்கள் மாதிரி முழு வாக்கியமாகப் பேசினான். ஆனால் எதிரில் இருப்பவர் கேட்கிறாரா, கொட்டாவி விடுகிறாரா என்பது கணக்கில் வராது. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுவான். கல்யாண மண்டபத்தில் தவில் ஆரம்பித்தால் நாங்கள் கிளம்பிவிட வேண்டியதுதான். சட்டைக் காலரில் இருக்கும் லேபிளை வெட்டாமல் இன்றுவரை ஒரு சட்டை போட்டதில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அவனுக்கு ஏழு வயது. டி.வி.யில் எந்நேரமும் செம்பரம்பாக்கம், செம்பரம்பாக்கம் என்று கேட்டதில் ஏரி அவனைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் பேப்பரில் நீர்மட்டம் பார்ப்பான். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, நாங்கள் குடத்தோடு லாரிக்கு நின்றபோது, ஊரே தண்ணீருக்காக அழ, அவன் மட்டும் பூஜ்ஜியத்தை நோட்டில் எழுதவேண்டியிருக்கிறதே என்று அழுதான்.

அந்தப் பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. வியன்னாவில் இருந்த குழந்தைகள் மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர், 1944-ல் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதினார். 1981-ல் லோர்னா விங் என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் அவர் பெயரையே வைத்து உலகுக்கு அறிமுகப்படுத்தினார். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அந்தப் பெயரைத் தனியாக வைக்காமல் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்ற குடைக்குள் சேர்த்துவிட்டது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் அப்படித்தான். நம் ஊரின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்றுதான் இருக்கிறது. அதனால் உங்கள் பிள்ளையின் பழைய ஃபைலில் ஆஸ்பெர்ஜர் என்றும் புதிய சான்றிதழில் ஆட்டிசம் என்றும் இருந்தால் பயப்படாதீர்கள், நோய் முற்றிவிடவில்லை. பெயர்தான் மாறியிருக்கிறது.

அவனுக்கு இது இருக்கிறது என்பதை நாங்கள் அவனிடம் சொன்னது 12 வயதில். தாமதம்தான். "சொன்னா மனசு உடைஞ்சிடும்" என்று சொந்தக்காரர்கள் தடுத்தார்கள். சொன்னபோது அவன் கேட்ட ஒரே கேள்வி, "இது உங்களுக்கு எப்போதிலேர்ந்து தெரியும்?" ஆறு வருஷமாக என்றோம். "என்னைப் பத்தின விஷயத்தை என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மனசு உடைந்தது எங்களுக்குத்தான். அதன் பிறகு அவனே தேடித்தேடிப் படித்தான். 15 வயதில் ஒருநாள் வந்து, அந்த டாக்டர் நாஜிகளுக்கு ஒத்துழைத்தவர் என்றும், குழந்தைகளைக் கொன்ற ஷ்பீகல்கிரண்ட் மருத்துவமனைக்குச் சில குழந்தைகளை அனுப்பியவர் என்றும் 2018-ல் வரலாற்று ஆய்வாளர்கள் ஆவணங்களோடு எழுதியிருப்பதைக் காட்டினான். "அந்த ஆள் பேர் எனக்கு வேண்டாம்மா. ஆட்டிசம்னே சொல்லு" என்றான். வெளிநாட்டில் அந்தப் பெயரை விரும்பியே வைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அது அவரவர் உரிமை. இவன் வேண்டாம் என்றான்.

இப்போது யோசித்தால், வீட்டில் அவன் சொல்லி நாங்கள் மதித்த முதல் 'வேண்டாம்' அதுதான். 15 வயதில்.

அதற்கு முன்னால் எத்தனை 'வேண்டாம்'களை அழித்திருக்கிறோம் என்று இந்த 6,800 ரூபாய்க்குப் பிறகு உட்கார்ந்து எண்ணினேன். தெரபி என்று போன இடத்தில், வீட்டில், பள்ளியில், நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவனுக்குக் கற்றுக்கொடுத்தது என்ன? கண்ணைப் பார்த்துப் பேசு. கூப்பிட்டா திரும்பு. கேட்டா பதில் சொல்லு. பெரியவங்க சொன்னா செய். மாமா கன்னத்தைக் கிள்ளினா ஓடாதே, ஆசையாத்தானே கிள்ளறார், பொறுத்துக்கோ. தொடுவதே நெருப்பு மாதிரி இருக்கும் பிள்ளையிடம் 'பொறுத்துக்கோ' என்று சொல்லியிருக்கிறேன், நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதற்காக. ஒவ்வொன்றுக்கும் ஸ்டார் ஒட்டினோம். நல்ல பிள்ளை, சொன்னா கேட்பான் என்று பெருமைப்பட்டோம்.

சொன்னால் கேட்பான்தான். ஒன்பதாம் வகுப்பில் நாலு பையன்கள் சொன்னார்கள் என்று டீச்சரைப் பற்றி போர்டில் ஏதோ எழுதினான். எழுதச் சொன்னவர்கள் சிரித்தார்கள், இவனுக்கு ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிற்கும் தண்டனை. அப்போதுகூட நான் பையன்களைத் திட்டினேன், பள்ளியைத் திட்டினேன். சொன்னதைச் செய்வதைத் தவிர வேறெதையும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை என்று எனக்கு உறைக்கவில்லை. சொன்னதெல்லாம் கேட்கும் பிள்ளை பெரியவனாகி வெளியே போகும்போது, யார் என்ன சொன்னாலும் கேட்பான். போனில் கேட்பவனுக்கும் பதில் சொல்வான், இருட்டில் கூப்பிடுபவன் பின்னாலும் போவான். ஆண் பிள்ளைதானே என்று நினைக்காதீர்கள்.

ஆக, 18-க்கு இரண்டு மாதம் இருக்கும்போது எங்கள் வீட்டில் புதுப் பாடம் ஆரம்பமானது. மறுப்பது எப்படி?

முதல் சிக்கல், அவன் பொய் சொல்லமாட்டான். "எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடு" என்றால், "எனக்குத்தான் தெரியுமே" என்பான். "அம்மா வீட்ல இல்லைன்னு சொல்லு" என்றால், "நீ இருக்கியே." அதனால் நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் எந்தச் சாக்கும் அவனுக்கு உதவாது. மறுப்பதற்கும் உண்மையான வாக்கியம் வேண்டும். நானும் என் கணவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்தது இது: "அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை." இரண்டாவது, "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்." அவ்வளவுதான். இரண்டுமே எந்த நேரத்திலும் பொய்யாகாது.

அப்புறம் ஒத்திகை. என் கணவர் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேங்க் மேனேஜராகப் பேசினார், கூரியர்காரராகப் பேசினார், போலீஸாகக்கூடப் பேசினார். எல்லாவற்றையும்விட பயங்கரம் என் மகள்தான். எட்டாவது படிக்கிறாள். "அண்ணா, அப்பாவுக்கு ஆக்சிடென்ட், ஆஸ்பத்திரியில பணம் கட்டணும், சீக்கிரம் ஓ.டி.பி. சொல்லுண்ணா" என்று அவள் அழுத அழுகையில் நானே சொல்லியிருப்பேன். முதல் மூன்று முறை தோற்றான். நாலாவது முறை "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்றான். அப்பாவுக்கு ஆக்சிடென்ட் என்றால் நாளைக்கா என்று வீடே சிரித்தது. அவனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

ஒருநாள் என் கணவர் ஆபீஸிலிருந்து நிஜமாகவே போன் செய்து, "டேய், அப்பாடா. அம்மா போனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும், அர்ஜென்ட், சொல்லு" என்றார். ஒத்திகை இல்லை, ஏதோ டிக்கெட் புக்கிங். "அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை" என்று வைத்துவிட்டான். சாயங்காலம் வந்தவர் முகத்தில் பெருமையும் வருத்தமும் கலந்து கிடந்தது. டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போய்விட்டது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அடுத்த வாரம் கேஸ் சிலிண்டர் வந்தது. நான் வீட்டில் இல்லை. டெலிவரி தம்பி வாசலில் நின்று, "போன்ல வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று கேட்க, இவன் விருப்பமில்லை என்றிருக்கிறான். அவர் கெஞ்சியிருக்கிறார். இவன் அதே வாக்கியத்தை அதே குரலில் மறுபடி. சிலிண்டர் திரும்பிப் போய்விட்டது. இரண்டு நாள் இண்டக்‌ஷன் ஸ்டவ்வில் சமைத்தேன், தோசை மட்டும் வரவே இல்லை.

இதில் அவன் தப்பு ஒன்றும் இல்லை. நாங்கள் கொடுத்த விதி அரைகுறை. மற்ற பிள்ளைகள் பார்த்தே பிடித்துக்கொள்வதை இவனுக்கு வாய்விட்டுச் சொல்லவேண்டும்; சொல்லும்போது முழுதாகச் சொல்லவேண்டும். அதனால் மறுபடி உட்கார்ந்தோம். மெசேஜை முழுக்கப் படி. நம்மிடமிருந்து பணம் போவதற்கான எண்ணா, நம் வீட்டுக்குப் பொருள் வந்ததற்கான எண்ணா? பொருள் கண் முன்னால் இருக்கிறதா? இருந்தால் சொல்லலாம். போனில் கேட்டால் எதுவாக இருந்தாலும் சொல்லக்கூடாது. இதை அவனே டைப் அடித்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறான். என் மாமியார் இப்போது அதைப் பார்த்துத்தான் போன் பேசுகிறார்.

இந்த 'முழுதாகச் சொல்வது' எவ்வளவு கஷ்டம் என்று சமையல் சொல்லிக்கொடுத்தபோதே தெரிந்திருக்க வேண்டும். போன வருஷம் லீவில், நம் வார இதழில் வந்த எலுமிச்சை சாதக் குறிப்பைக் கொடுத்து செய்யச் சொன்னேன். அரைமணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் அடுப்புகூடப் பற்றவைக்கவில்லை. "'உப்பு தேவையான அளவு'ன்னு போட்டிருக்கு. யாருக்குத் தேவையான அளவு?" என்றான். 'பொன்னிறமாக வறுக்கவும்' என்பதற்கு என் கைவளையலைக் கழற்றிக் கேட்டான், பக்கத்தில் வைத்து ஒப்பிட. ஆசிரியர் குழு கவனிக்கவும். சமையலறைக்கு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கினோம். ஒரு ஆழாக்கு அரிசிக்கு எத்தனை கிராம் உப்பு, கடலைப்பருப்பு எந்த வயதில் பொன்னிறம் என்று நேரம் வைத்து, நோட்டில் எழுதினான். இன்று அவன் செய்யும் எலுமிச்சை சாதம் எந்த நாளும் ஒரே ருசி. என்னுடையது நாளுக்கு ஒன்று.

உப்புக்குத் தராசு கிடைத்தது. மனிதர்களின் பேச்சுக்கு எங்கே போவது? 'பார்க்கலாம்' என்று நம் ஊரில் சொன்னால் இல்லை என்று அர்த்தம். அவன் மூன்று மாதம் காத்திருப்பான். 'வீட்டுக்கு வாங்களேன்' என்றால் உடனே எந்தத் தேதி என்று கேட்பான். 'சும்மா சொன்னேன்' என்பது அவனுக்கு இன்னும் பிடிபடாத வாக்கியம். சும்மா ஏன் சொல்லவேண்டும்? இத்தனை காலம் இதற்கெல்லாம் நான்தான் மொழிபெயர்ப்பாளர். கடைக்காரரிடம், டீச்சரிடம், சொந்தக்காரர்களிடம் அவனுக்காக நான் பேசிவிடுவேன். அவன் வாயைத் திறப்பதற்குள் பதில் போய்விடும். உதவி என்றுதான் நினைத்திருந்தேன்.

பிளஸ் டூ முடித்து, அரசுக் கல்லூரியில் புவியியல் படிக்க விண்ணப்பித்தான். சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வுக்குக் கூப்பிட்டார்கள். இந்தப் பக்கம் வராதவர்களுக்காக ஒரு வரி: 40 சதவிகிதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் இருந்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவிகித இடமும், அரசு வேலையில் 4 சதவிகித இடமும் மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு, அந்த நாலில் ஒரு சதவிகிதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் போன்ற பிரிவுகளுக்குச் சேர்ந்து. யு.டி.ஐ.டி. அட்டையை 18-க்கு முன்னாலேயே வாங்கி வைத்துவிடுங்கள். "நம்ம பையனுக்கா மாற்றுத்திறனாளி அட்டை?" என்று கௌரவம் பார்த்து வாங்காமல் விட்ட பெற்றோர்களை எனக்குத் தெரியும். அட்டையை எப்போது காட்டுவது, யாரிடம் சொல்வது என்பது பிள்ளையின் முடிவு. கையில் இருந்தால்தானே அந்த முடிவையே எடுக்க முடியும்?

கலந்தாய்வு அன்று காலை, "நீ உள்ளே வராதேம்மா, நீ பேசிடுவே" என்றான். வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். மற்ற அம்மாக்கள் எல்லாம் பிள்ளைகளோடு உள்ளே போக, நான் மட்டும் குற்றவாளி மாதிரி. உள்ளே நடந்ததை அவன் ஒரு வார்த்தை மாற்றாமல் திருப்பிச் சொல்வான் என்பதால் எனக்கு அப்படியே தெரியும். மேஜையில் இருந்தவர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, நல்லாத்தானே பேசறே?" என்று கேட்டிருக்கிறார். இவன் "ஆமா சார்" என்றிருக்கிறான். அவ்வளவுதான். கேள்விக்கு பதில் முடிந்துவிட்டது. நான் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த இடத்தில் பத்து நிமிஷம் விளக்கம் கொடுத்து, அழுதும் இருப்பேன். அவர் கொஞ்ச நேரம் இவனைப் பார்த்துவிட்டு, புவியியல் ஏன் என்று கேட்டிருக்கிறார். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்று ஆரம்பித்தவன், பூண்டிக்குப் போவதற்குள் அவர் "போதும்பா, போதும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். இடம் கிடைத்தது.

இதைக் கேட்டதும் ஒரு உறவினர், "பாரு, எலான் மஸ்க்கும் இவனை மாதிரிதானாம், பெரிய ஆளா வருவான்" என்றார். 2021-ல் அமெரிக்க டி.வி. நிகழ்ச்சி ஒன்றில் மஸ்க் தனக்கு ஆஸ்பெர்ஜர் என்று சொன்னதிலிருந்து எங்கள் குடும்பத்தில் இதுதான் ஆறுதல். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பிள்ளைகள் மதிக்கப்பட ராக்கெட் விடவேண்டும் என்று இல்லையே. மாதா மாதம் சம்பளம் வாங்கி, தன் சட்டை லேபிளைத் தானே வெட்டிக்கொண்டு, ராத்திரி நிம்மதியாகத் தூங்கினால் எனக்குப் போதும். என் மாமியாரின் யோசனை வேறு. "காலாகாலத்துல ஒரு கல்யாணம் பண்ணிவெச்சா எல்லாம் சரியாயிடும்." இது யோசனையே இல்லை, இன்னொரு வீட்டுப் பெண்ணின் தலையில் நம் பயத்தைக் கட்டிவைப்பது. அவனே ஒருநாள், "எனக்கு இப்போ வேண்டாம் பாட்டி" என்றான். "பார்த்தியா, இப்போ வேண்டாம்னுதானே சொல்றான்!" என்று அவர் ஒரே சந்தோஷம்.

பணம் போன ராத்திரிக்கு வருகிறேன். என் கணவர் தூங்கவில்லை. "18 ஆனதும் சட்டப்படி கார்டியன்ஷிப் வாங்கிடலாம். அவன் கையெழுத்தை நம்பி எப்படி விடறது?" என்றார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. 18 வயது முடிந்த நிமிடத்திலிருந்து பெற்றோர் தானாகவே சட்டப் பாதுகாவலர் இல்லை. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்க மாவட்டம்தோறும் கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது, அங்கே விண்ணப்பிக்கலாம். பேச்சே வராத, முழுநேர உதவி தேவைப்படும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அது பெரிய பலம். அவர்கள் தயங்காமல் செய்யவேண்டும். ஆனால் தேவை இருந்தால்தான் பாதுகாவலர். மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களைப்போலவே சட்டத்தின் முன் முழுத் தகுதி உண்டு என்றுதான் 2016 சட்டம் சொல்கிறது. உதவி தேவைப்படுகிறவர்களுக்கு, அவர்களோடு கலந்து பேசி முடிவெடுக்கும், வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் என்ற ஏற்பாடும் அதில் இருக்கிறது.

இரண்டு சட்டத்தையும் அவன் கையில் கொடுத்தோம். பூண்டி ஏரிக்குக் கொடுக்கும் கவனத்தோடு படித்தான். மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டான்.

"பெரியப்பா போன வருஷம் ஷேர் டிப்ஸ் குரூப்ல சேர்ந்து எவ்ளோ விட்டார்ப்பா?"

"நாலு லட்சம்."

"அவருக்கு யாரு கார்டியன்?"

என் கணவர் இன்னொரு இட்லி போட்டுக்கொண்டார். கார்டியன்ஷிப் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது. எப்போதைக்கும் என்று சொல்லமாட்டேன். அவன் பெயரில் தனிக் கணக்கு, அதில் மாதம் 2,000 ரூபாய் மட்டும், கார்டில் தினசரி உச்சவரம்பு, பெரிய தொகை என்றால் அன்றே முடிவெடுக்காமல் ஒரு ராத்திரி தள்ளிப்போடுவது என்று ஏற்பாடு. கடைசி விதியை எனக்கும் அவன் வைத்திருக்கிறான். புடவைக் கடைக்கும் பொருந்துமாம்.

நாங்கள் இல்லாத காலத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். எல்லா அம்மாக்களையும்போல் ராத்திரி மூன்று மணிக்கு எனக்கும் அது வருகிறது. மகளிடம் மட்டும், "அண்ணனை நீதான் பார்த்துக்கணும்" என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். எட்டாவது படிக்கும் பெண் மேல் வைக்கிற பாரமா அது?

இதை நேற்று எழுதி முடித்து அவனிடம் கொடுத்தேன். ஹாலில் உட்கார்ந்து பென்சிலோடு படித்தான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு வாரம் இல்லை, ஐந்து வேலை நாள் என்று திருத்தினான். சனி ஞாயிறையும் சேர்த்தால்தான் ஒரு வாரம் ஆகிறது என்றான். தங்கை முதல் மூன்று முறை ஏமாற்றினாள் என்பதை இரண்டு என்று மாற்றச் சொன்னான். அவள் சண்டைக்கு வந்ததால் மூன்றாகவே இருக்கிறது.

அப்புறம் ஒரு பத்தியைச் சுற்றிக் கோடு போட்டிருந்தான். போன மாசம் குரோம்பேட்டை ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நடந்த ஒரு விஷயம். உண்மையைச் சொன்னால், இந்தக் கட்டுரையிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது. படிக்கிற நீங்கள் கண்ணைத் துடைத்திருப்பீர்கள்.

"இது வேண்டாம்மா" என்றான்.

"ஏன்டா? உன் மேல தப்பே இல்லைன்னுதானே எழுதியிருக்கேன். மத்த அம்மாக்களுக்கு உதவியா இருக்கும்..."

"அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை."

எடுத்துவிட்டேன்.